ஒன்பது வாயில், ஒரே வழி

படி ஏறுவது உடம்புக்கு நல்லது, மேடம். லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் படி ஏறுகிறவனைப் பார்த்தால் எல்லோருக்கும் கொஞ்சம் இளக்காரம்தான். எங்கள் தரைத்தளத்துப் பல் டாக்டர்கூட, "என்ன சார், கரண்ட் பில் மிச்சம் பண்றீங்களா?" என்று தினமும் கேட்பார்.

அன்று மதியம் நான் இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தேன். மச்சான் மொட்டை மாடியில் சிகரெட்டை முடிப்பதற்குள் மேலே போய்ச் சேரவேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அதன் ரப்பர் அடிப்பாகம் சிமெண்டில் கீச்சிடும். ஒத்திகையில் கண்டுபிடித்த விஷயம் அது.

ஒத்திகை என்றதும் எழுதிக்கொள்கிறீர்கள். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைப்பதற்காக இங்கே உட்காரவில்லை. ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். வரிசை எனக்கு முக்கியம்.

நான் வீடியோ கேம் செய்கிறவன். குழந்தைகள் மிட்டாயை வெடிக்கவைக்கும் ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்டத்தின் பெயர் 'ஒன்பது வாயில்'. பழங்காலத்துத் துறைமுக நகரம் ஒன்றைக் கல் கல்லாக எழுப்பினோம். சரித்திரப் பேராசிரியர் ஒருவர் எங்களோடேயே உட்கார்ந்திருந்தார். பாய்மரக் கயிற்றை எந்தப் பக்கம் முறுக்குவார்கள் என்பதற்காக ஒரு மாதம் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கினார். மழை பெய்தால் மதிலின் நிறம் மாறும். சந்தையில் மீன் விற்கிறவள் பொழுது சாய்ந்தால் விலையைக் குறைப்பாள். ஆறு வருஷ உழைப்பு. நகரம் மற்றவர்களுடையது, அதற்குள் விளையாடுகிறவன் என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் என்னுடையது.

நகரத்துக்கு ஒன்பது வாயில். வாயிலுக்கு ஒரு தளபதி. எல்லோரையும் ஒரே வழியில்தான் வீழ்த்த முடியும். காவல் கோபுரத்தில் ஏறவேண்டும். உச்சியில் நின்று ஊரைப் பார்க்கவேண்டும். இறங்கிவந்து சந்தையில் இரண்டு பேர் பேசுவதை ஒட்டுக்கேட்கவேண்டும். தளபதியைப் பின்தொடரவேண்டும். அவன் மதில்மேல் போய்த் தனியாக உட்காருவான். பின்னாலிருந்து ஒரு தள்ளு. அடுத்த வாயில், மறுபடியும் கோபுரம்.

ஊர் முழுக்க ஆட்கள் நடமாடினாலும் அத்தனை பேருக்கும் தனித்தனி முகம் செய்ய எங்களுக்கு நேரமில்லை. இருக்கிற முகங்களையே மாற்றி மாற்றிப் போட்டோம். அதனால் தளபதிகளுக்கு மட்டும் தலையை மூடிய சிவப்புப் போர்வை. முதல் வாயிலில் திரையில் ஒரு வரி வரும்: 'முகத்தைத் தேடாதே, போர்வையைத் தேடு.' அந்த வரி நான் எழுதியது.

ஒரே மாதிரி இருக்கிறது என்றார்கள். இருக்கட்டுமே. நீங்கள் காலையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்காக உங்கள் வேலையை யாராவது குறை சொல்கிறார்களா? திரும்பச் செய்யும்போதுதான் மேடம், கை பழகும். கை பழகினால்தான் கண் ஓய்வாக மற்றதைப் பார்க்கும். இது என் நம்பிக்கை. இப்போதும் அதில் மாற்றமில்லை.

மச்சானைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். அவர்தான் என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்தார். அவருடைய தங்கையைத்தான் நான் கட்டினேன். எங்கள் ஸ்டூடியோவுக்கு அவர் தலைவர். தங்கையைப் 'பாப்பா' என்றும், வீட்டிலும் ஆபீசிலும் என்னை 'மாப்பிள்ளை' என்றும்தான் கூப்பிடுவார். மற்றவர்களும் அப்படியே கூப்பிட, நான் எழுபது பேருக்கும் மாப்பிள்ளை ஆகிவிட்டேன்.

அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. உயரம், தோள், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும் பழக்கம் எல்லாம் ஒன்று. சின்ன வயதில் இரண்டு பேரும் மதில்மேல் காலைத் தொங்கப்போட்டபடியே வளர்ந்தவர்கள். உயரம் என்றால் பயமே கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள், வீட்டு மதிலில் உட்கார்ந்திருந்தவரின் முதுகைத் தடவி, "இன்னும் கோபம் போகலையா?" என்று குழைந்திருக்கிறேன். திரும்பியவர் மச்சான். "எனக்கு உன்மேல எப்பவுமே கோபம் இல்ல, மாப்பிள்ளை" என்றார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சமையலறையிலிருந்து ஓடிவந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், "பொண்டாட்டி பக்கத்துல பாத்து உக்காருங்க மாப்பிள்ளை, ஆள் மாறிடப்போகுது" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

மச்சானிடம் ஒரு பழைய சிவப்பு ஜாக்கெட் உண்டு, தலையை மூடுகிற குல்லாய் வைத்தது. ஏ.சி. குளிர் அவருக்கு ஆகாது. துவைப்பதற்குத் தவிர அதைக் கழற்ற மாட்டார். ஆட்டத்தில் தளபதிகளின் போர்வைக்கு நிறம் தேடியபோது, படம் வரைகிற பெண் அந்த ஜாக்கெட்டைத்தான் ஸ்கேன் செய்து எடுத்தாள்.

ஆட்டம் வெளிவரக் கொஞ்ச நாள் இருக்கும்போது மச்சான் வெளியாட்கள் சிலரைக் கூட்டிவந்து விளையாடச் சொன்னார். ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர், ஒரு பஸ் டிரைவர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் மச்சானும் நின்று பார்த்தோம். முதல் வாயிலில் கோபுரத்தின் உச்சிக்குப் போனதும் நர்ஸ் வாயைப் பிளந்தாள். தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரைப் பார்த்து அழுகிறார், மேடம். மச்சான் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

இரண்டாம் வாயிலில் பேச்சு குறைந்தது. மூன்றாவதில் நர்ஸ் கொட்டாவி விட்டாள். நான்காவதில் பஸ் டிரைவர் கையிலிருந்த கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் வேலையில தினமும் ஒரே ரோட்டுலதான் போறேன், ஒரே ஸ்டாப்புலதான் நிக்கிறேன். விளையாட வந்தும் அதேதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அன்று சாயங்காலம் அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஊரு அள்ளுதுடா, மாப்பிள்ளை. அதுல சந்தேகமே இல்ல. ஆனா நாலாவது வாயில்ல நானே ஊரைப் பாக்கல. கட்டைவிரல் மட்டும் வேலை செய்யுது. கண்ணு தூங்கிடுச்சு."

"ஒன்பதாவது வரைக்கும் வாங்க மச்சான்."

"அங்க என்ன, புதையலா?"

"வந்து பாருங்க."

"வரமுடியலையேடா. அதானே இப்ப பிரச்சினையே."

மூன்று வாயில் போதும், மற்ற ஆறும் வெறும் கதவாக நிற்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஆறு வாயிலும் என் கையால் செய்தவை. ஐந்தாம் வாயிலில் தளபதியின் விரல் லேசாக நடுங்கும். ஏழாவதில் சந்தைக்காரர்கள் இருவரும் நம்மைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். இவற்றைக் கவனிக்க மாட்டார்களா என்று கேட்டேன்.

"கவனிக்க மாட்டாங்கடா. ஒண்ணை ஒம்பது தடவை காட்டினா மனுஷன் பாக்கிறதை நிறுத்திடுவான்" என்றார். பிறகு, ஆறுதலாகச் சொல்வதுபோல இன்னொன்றும் சொன்னார். "அதோட, நிஜத்துல எவன் தினமும் ஒரே இடத்துல போய், ஒரே மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவான்? நம்புற மாதிரியே இல்லையே."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் தவறு. தவறான வாக்கியத்தை அப்படியே விட்டுவைக்க எனக்கு வராது.

அவரை மறுநாளிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டு முடித்ததும் டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பார். லிஃப்டில் மேலே போவார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் அதே மூலைக்குப் போவார். காலை வெளியே தொங்கப்போட்டு, குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு சிகரெட். தினமும் அதே மூலை, அதே முதுகு. காவலாளி ஒருநாள், "சார், அங்க உக்காராதீங்க, எனக்குப் பதறுது" என்றபோது, "நான் விழுந்தா உனக்கு ஒருநாள் லீவு கிடைக்கும்யா, நல்லதுதானே" என்றார்.

பார்த்தீர்களா. எவனும் அப்படி உட்கார மாட்டான் என்று சொன்னவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். நான் எழுதியது நிஜம். அதை மறுத்தவரே அதற்குச் சாட்சி.

தினமும் பின்னாலேயே போனேன். முதலில் வாசல் வரை. பிறகு தொட்டி வரை. பிறகு கை எட்டும் தூரம் வரை. மாடி முழுக்க ஏ.சி. பெட்டிகள் உறுமிக்கொண்டிருப்பதால், வெறுங்காலோடு நடந்தால் ஒரு சத்தமும் கேட்காது. ஒருநாள் திடீரென்று திரும்பிவிட்டார். என் கை பாதி உயர்ந்திருந்தது.

"என்னடா, ஈ விரட்டுறியா? வா, உக்காரு."

"நீங்க இருங்க மச்சான், எனக்குத் தலை சுத்தும்."

"ஒன்பது கோபுரம் கட்டினவனுக்குத் தலை சுத்துதாம்" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அன்றே முடித்திருக்கலாம். ஆனால் அன்று ஒத்திகை.

கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் இருந்தால் ஆறு வாயிலும் போகும். அவர் இல்லாவிட்டால், வெளியீட்டுத் தேதி கழுத்தை நெரிக்கும் நேரத்தில் வேறு யாரும் எதையும் மாற்றத் துணிய மாட்டார்கள். இருக்கிறபடியே வெளியே போகும். இதில் கோபத்துக்கு எங்கே இடம்? அவர் படத்தை ஆட்டத்தின் முதல் திரையில் போடவேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டில் அவளுக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது தெரிந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஆறு வாயிலை வெட்டப்போகிறார்கள் என்றேன். ஒன்பதாம் வாயிலில் என்ன இருக்கிறது என்பதை அவளுக்கு மட்டும் சொன்னேன். அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அது என் கம்ப்யூட்டரில் மட்டும் பூட்டிக் கிடந்தது.  கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னாள். நான் அதை ஏற்கவில்லை. அது என்ன யோசனை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

"அண்ணன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். ஆபீஸ் விஷயத்துல உறவைக் கொண்டுவராதே."

"சரிங்க மகாராஜா" என்று தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள்.

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். ஆறாம் மாடி தாண்டியதும் மொட்டை மாடிக் கதவு. அது திறந்திருந்தது. காற்று பலமாக இருந்தது. தொட்டிகளைச் சுற்றினேன். மூலையில் சிவப்பு ஜாக்கெட். குல்லாய் போட்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை வெளியே தொங்கப்போட்டபடி. எல்லாம் இருக்கவேண்டியபடியே இருந்தது. சிகரெட் புகை தெரியவில்லை. அதைக் கவனித்தேன். காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

செருப்பைத் தரையில் வைத்தேன். நடந்தேன். கை தானாக உயர்ந்தது. தள்ளினேன்.

எட்டிப் பார்க்கவில்லை. ஆட்டத்திலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தள்ளிய கையோடு நகர்ந்துவிட வேண்டும். செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன்.

ஐந்தாம் மாடித் திருப்பத்தில், கீழேயிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஏறிவந்தார். வெள்ளைச் சட்டை. ஜாக்கெட் இல்லாமல் அவரைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

"டேய் மாப்பிள்ளை, உன்னை எங்கெல்லாம்டா தேடுறது? லிஃப்ட்ல இறங்கி ஆபீஸ் பூரா அலசிட்டேன். படிக்கட்டுல போனேன்னு சொன்னாங்க. மனுஷனா நீ, லிஃப்ட் எதுக்குடா இருக்கு?"

நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

"கேளு. உன் ஒன்பதும் இருக்கு. ஒரு வாயிலையும் தொடமாட்டேன்." என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "பாப்பா வந்தா. உன்கிட்ட சொல்லாம வந்திருக்கா. ஒன்பதாவதுல என்ன வெச்சிருக்கேன்னு சொன்னா. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சுடா. ஏன்டா இத்தனை நாள் வாயைத் திறக்கல? அதுக்காக நான் எட்டு தடவை இல்ல, எண்பது தடவை ஏறுவேன்."

"அவ எங்க மச்சான்?"

"மேலதான். என் இடத்துல உக்காந்து ஊரைப் பாத்துக்கிட்டு இருக்கா. குளிருதுன்னு சொன்னா, ஜாக்கெட்டைக் குடுத்துட்டு வந்தேன். நீயே வந்து அவகிட்ட சொல்லு, வா." அப்போதுதான் கீழே பார்த்தார். "செருப்பு எதுக்குடா கையில?"

"அறுந்துபோச்சு" என்றேன்.

அவர் முன்னால் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். கதவைத் தாண்டியதும், "பாப்பா" என்று கூப்பிட்டார். தொட்டிகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒளிந்து விளையாடுவாள்போலிருக்கிறது. "வந்துட்டான்டி உன் புருஷன், வெளிய வா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கீழே போயிருப்பா" என்றேன்.

அந்த நேரத்தில்தான் பின்பக்கத்து ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கமிருந்து காவலாளியின் அலறல் கேட்டது. மச்சான் மூலைக்கு ஓடினார். அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அவரைச் சுவரிலிருந்து பிரித்தெடுக்க உங்கள் ஆட்கள் மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

இப்போது ஒன்பதாம் வாயில்.

எட்டுத் தளபதிகளைத் தள்ளிய கை ஒன்பதாவதையும் தள்ளும். யோசிக்காது. போர்வை காற்றில் விலகும். உள்ளே இருப்பவன் தளபதி இல்லை. விளையாடுகிறவனின் சொந்தத் தம்பி. அண்ணனுக்காகச் சமாதானம் பேசப்போனவன். தளபதி இணங்கி, அதற்கு அடையாளமாகத் தன் போர்வையைத் தம்பிக்குப் போர்த்திவிட்டுப் போயிருப்பான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் முன்னால் எட்டு வாயிலும் ஒரே மாதிரி இருந்தன. கண் தூங்கவேண்டும், கை மட்டும் விழித்திருக்கவேண்டும். மச்சான் குறை என்று சொன்னதுதான் என் வடிவமைப்பே.

இதைக் கேட்டுவிட்டுத்தான் அன்று அவள் அந்த யோசனையைச் சொன்னாள். "அந்தத் தம்பி கடைசி நிமிஷத்துல திரும்பி, 'அண்ணா'ன்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டுமே. கேட்டதும் கையை எடுத்துக்கிற மாதிரி ஒரு வழி வைங்க. பாவம்ங்க." முடியாது என்றேன். பொத்தானை அமுக்கினால் அமுக்கியதுதான். நடுவில் நிறுத்த வழி வைத்தால் ஒன்பதாம் வாயிலுக்கு அர்த்தமே இல்லை என்றேன்.

படியில் மச்சானை உயிரோடு பார்த்தபோது நான் ஏன் திடுக்கிடவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அவரைக் கண்டு திடுக்கிட எனக்குக் காரணம் இல்லை, மேடம். என் கை ஜாக்கெட்டைத் தொடுவதற்கு முன்பே அவள் திரும்பிவிட்டாள். முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தாள், சொல்வதற்கு நல்ல செய்தி வைத்திருந்தாள். "என்னங்க" என்றாள்.

கையை எடுத்திருக்க நேரம் இருந்ததா என்பதுதானே உங்கள் கேள்வி. இருந்தது. ஆனால் அப்படி ஒரு வழியை நான் வைக்கவில்லையே.

ஒன்பதாம் வாயில் சரியாக வேலை செய்கிறது, மேடம். மச்சானிடம் அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.